நாடிசுத்தி: ஒரு மூச்சுப் பயிற்சியின் வரலாறு

வலக்கைப் பெருவிரலால் வலப்பக்க மூக்கை அடைத்து, இடப்பக்கம் மூச்சை இழுத்து, பின் மோதிர விரலால் இடப்பக்கத்தை அடைத்து வலப்பக்கம் விடுவது, மறுபடி வலப்பக்கம் இழுத்து இடப்பக்கம் விடுவது: இது நாடிசுத்தியின் ஒரு சுற்று. நாடி சோதனம், அனுலோம விலோமம், சுகபூர்வகம் என்றும் இதற்குப் பெயர்கள் உண்டு. யோகப் பயிற்சி என்று எங்கு எது கற்றுத் தரப்பட்டாலும் பெரும்பாலும் இதுவும் அதில் இருக்கும். பள்ளி மைதானத்திலும் பூங்காவிலும் மருத்துவமனை வளாகத்திலும் இன்று இது பத்து நிமிட எளிய பயிற்சி. ஆனால் இது எளிதாக்கப்பட்டது மிக அண்மையில்தான். இதன் நீண்ட வரலாற்றில் பெரும்பகுதி, அச்சத்துடனும் கட்டுப்பாட்டுடனும் ஆசானின் கண்காணிப்பில் மட்டும் கையாளப்பட்ட ஒரு கடுமையான முறையின் வரலாறு.

மூச்சுக்கு வேதகாலத்திலேயே தனி மதிப்பு இருந்தது. அதர்வ வேதத்தில் பிராணனைத் தெய்வமாகவே போற்றும் ஒரு பாடல் உள்ளது. சாந்தோக்கிய உபநிடதத்தில் கண், செவி, வாக்கு, மனம் ஆகியவை தம்முள் யார் பெரியவர் என்று போட்டியிடுகின்றன. ஒவ்வொன்றும் உடலைவிட்டு ஓராண்டு நீங்கிப் பார்க்கிறது. கண் போனால் குருடனாகவும் செவி போனால் செவிடனாகவும் மனிதன் வாழ்ந்துவிடுகிறான். மூச்சு கிளம்ப முற்பட்டதும் மற்றவை எல்லாம் வேரோடு பிடுங்கப்படுவதாக உணர்ந்து அதன் தலைமையை ஏற்கின்றன. இவற்றில் மூச்சின் பெருமை இருக்கிறதே தவிர, பயிற்சி என்று எதுவும் சொல்லப்படவில்லை. பயிற்சி தென்படத் தொடங்குவது சுவேதாசுவதர உபநிடதத்தில். சமமான, தூய்மையான, கல்லும் நெருப்பும் மணலும் இல்லாத இடத்தில் உட்கார்ந்து, மூச்சை ஒடுக்கி, மூக்கின் வழியே மெல்ல விட வேண்டும் என்று அது சொல்கிறது. எந்த மூக்கு என்று சொல்லவில்லை.

தரும சாத்திரங்களில் பிராணாயாமம் வேறொரு வேலையைச் செய்தது. அங்கே அது பாவத்துக்குக் கழுவாய். காயத்திரியை அதன் முன்னும் பின்னும் வரும் மந்திரங்களுடன் ஒரே மூச்சில் மூன்று முறை ஓதுவது ஒரு பிராணாயாமம். நாள்தோறும் பதினாறு வீதம் ஒரு மாதம் செய்தால் கொடும் பாவமும் நீங்கும் என்கிறது மனுஸ்மிருதி. சந்தியாவந்தனத்தில் மூக்கைப் பிடித்துக்கொள்ளும் வழக்கம் இந்த மரபின் தொடர்ச்சி. உடல்நலம் என்ற நோக்கம் இங்கே இல்லை. மூச்சின் நீளத்தை மந்திரத்தின் நீளம் முடிவு செய்தது என்பது மட்டுமே பிற்காலப் பயிற்சியோடு இதை இணைக்கிறது. மந்திரம் ஓர் அளவுகோலாகவும் இருந்தது.

மூச்சடக்கத்தின் ஆபத்தைப் பற்றிய மிகப் பழைய விரிவான பதிவு பௌத்தர்களிடமிருந்து வருகிறது. பாலி மொழியில் உள்ள மஜ்ஜிம நிகாயத்தின் மகாசச்சக சூத்திரத்தில், ஞானம் பெறுவதற்கு முன் தாம் செய்த கடுந்தவங்களைப் புத்தர் விவரிக்கிறார். வாயையும் மூக்கையும் அடைத்து மூச்சை நிறுத்தியபோது காதுகளின் வழியே பேரிரைச்சலோடு காற்று வெளியேறியது போல் இருந்ததையும், தலையை வாரால் இறுக்கிக் கட்டியது போன்ற வலியையும், வயிற்றைக் கத்தியால் அறுப்பது போன்ற வேதனையையும், உடலெங்கும் எரிச்சலையும் வரிசையாகச் சொல்கிறார். இந்த வழியில் பயனில்லை என்று அவர் அதைக் கைவிட்டார். பின்னர் அவர் கற்பித்த ஆனாபானசதியில் மூச்சை அடக்குவது கிடையாது. இயல்பாக வந்து போகும் மூச்சைக் கவனிப்பது மட்டுமே. மூச்சை ஆள்வதா, கவனிப்பதா என்ற இரு வழிகளும் அன்றே பிரிந்துவிட்டன.

பதஞ்சலியின் யோக சூத்திரம் கி.பி. 4, 5ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தது என்பது இன்றைய ஆய்வாளர் பலரின் கணிப்பு. யோகத்தின் எட்டு உறுப்புகளில் நான்காவதாகப் பிராணாயாமத்தை வைக்கும் அந்நூல், ஆசனம் கைவந்த பிறகே அதைத் தொடங்க வேண்டும் என்கிறது. உள்ளே செல்வது, வெளியேறுவது, நிற்பது என்ற மூன்றையும் இடம், காலம், எண்ணிக்கை கொண்டு அளந்து, நீளமாகவும் நுட்பமாகவும் ஆக்க வேண்டும் என்பது அதன் போதனை. உள்ளொளியை மறைக்கும் திரை விலகுவதும் மனத்தை ஒன்றில் நிறுத்தும் தாரணைக்குத் தகுதி வருவதுமே பலன்கள். நோய் தீரும் என்று பதஞ்சலி எங்கும் வாக்களிக்கவில்லை. வலம் இடம் மாற்றி மூச்சு விடுவதைப் பற்றியும் அவர் ஒரு சொல் கூடச் சொல்லவில்லை. பதஞ்சலி யோகம் என்ற பெயரில் இன்று கற்பிக்கப்படும் நாடிசுத்தி உண்மையில் பிற்காலத் தாந்திரிக மரபுக்கும் ஹட யோகத்துக்கும் உரியது.

அந்த மரபின் அடிப்படை ஓர் உடல் வரைபடம். உடலில் எண்ணற்ற நாடிகள் ஓடுகின்றன. அவற்றுள் மூன்று தலையானவை. இடப்பக்க மூக்கோடு தொடர்புடைய இடகலை சந்திரன், வலப்பக்க மூக்கோடு தொடர்புடைய பிங்கலை சூரியன், இரண்டுக்கும் நடுவே சுழுமுனை. நாடிகள் அழுக்கால் அடைபட்டிருக்கும்வரை மூச்சு நடுவழியில் ஏறாது. ஆகவே முதலில் அவற்றைச் சுத்தம் செய்ய வேண்டும். இந்த நாடிகளை இரத்தக் குழாய்கள் என்றோ நரம்புகள் என்றோ அப்படியே பெயர்த்துக்கொள்ள முடியாது. அறுவைக் கத்திக்குத் தட்டுப்படாத அவற்றைத் தியானத்தில் பழகியவர்கள் தம் உள்ளுணர்வால் வரைந்த வரைபடமாகக் கொள்வதே அந்நூல்களுக்கு நேர்மையான வாசிப்பு.

தமிழில் இந்தக் கலையை முறையாக எடுத்துரைக்கும் முதன்மையான நூல் திருமூலரின் திருமந்திரம். அதன் காலம் குறித்து அறிஞர்களிடையே பெரும் கருத்து வேறுபாடு உண்டு. உள்ளடக்கம் குறித்து ஐயமில்லை. மூன்றாம் தந்திரம் முழுவதும் யோகம். அதில் பிராணாயாமத்துக்குத் தனிப் பகுதியே இருக்கிறது. மூச்சை இழுக்கும் பூரகம் இடமூக்கின் வழியே பதினாறு மாத்திரை, உள்ளே நிறுத்தும் கும்பகம் அறுபத்து நான்கு, வெளிவிடும் ரேசகம் முப்பத்திரண்டு என்று திருமூலர் அளவு தருகிறார். மாத்திரை என்பது தமிழ் இலக்கணம் படித்த எவருக்கும் பழகிய அளவு: கண் இமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம் என்று தொல்காப்பியம் வகுத்தது. எழுத்தின் ஒலியை அளந்த அதே அளவால் மூச்சும் அளக்கப்பட்டது. ஒரு மாத்திரையை ஒரு வினாடி என்றே கொண்டால், திருமூலர் சொல்லும் ஒரு மூச்சு முடிய 112 வினாடிகள் ஆகும். அதில் ஒரு நிமிடத்துக்கு மேல் மூச்சு உள்ளேயே நிற்கும். ஒன்றுக்கு நான்கு, பிறகு இரண்டு என்ற இந்த விகிதம் நாடிசுத்தியின் வரலாற்றில் பல நூற்றாண்டுகள் நிலைத்து நின்றது. விகிதம் அப்படியே இருக்க, அதன் பருமன் எப்படிச் சுருங்கியது என்பதைப் பின்னால் வரும் நூல்கள் காட்டும்.

திருமந்திரத்தில் வாரசரம் என்ற பகுதியும் உண்டு. வெள்ளி, திங்கள், புதன் நாட்களில் இடமூக்கிலும் சனி, ஞாயிறு, செவ்வாயில் வலமூக்கிலும் மூச்சு ஓட வேண்டும். வியாழனுக்கு மட்டும் வளர்பிறையில் இடம், தேய்பிறையில் வலம். சரம் பார்த்து, அதாவது எந்த மூக்கில் மூச்சு ஓடுகிறது என்று பார்த்து, வழிப்பயணம் தொடங்குவதும், சரம் பார்த்துக் காரியம் சொல்வதும் இந்த நம்பிக்கையிலிருந்து கிளைத்த வழக்கங்கள். கிழமைக்கும் மூக்குக்கும் தொடர்பிருப்பதாக எந்தச் சோதனையும் காட்டவில்லை. ஆனால் இதன் அடியில் இருந்த கவனிப்பு உண்மையானது. எந்நேரமும் ஒரு மூக்கில் காற்று தாராளமாகவும் மற்றதில் குறைவாகவும் செல்லும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை இது இடம் மாறும். மூக்கின் உள்சவ்வில் இருக்கும் இரத்தக் குழாய்கள் ஒரு பக்கம் விரிந்து மறுபக்கம் சுருங்குவதே காரணம். ஐரோப்பிய மருத்துவத்தில் இதை 1895இல் விவரித்தவர் ஜெர்மானிய மருத்துவர் ரிச்சர்ட் கைசர். சித்தர் மரபில் சரம் பார்த்தவர்கள் அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, கருவி ஏதுமின்றி, மூக்கின் கீழே புறங்கையை வைத்தே இதை அறிந்திருந்தார்கள்.

வடமொழியில் வலம் இடம் மாற்றிச் செய்யும் முறை தெளிவாக வருவது ஹட யோக நூல்களில். 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் தத்தாத்திரேய யோக சாத்திரம் பெருவிரலால் வலமூக்கை அடைத்துத் தொடங்குவதிலிருந்து படிப்படியாக விளக்குகிறது. 15ஆம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் தொகுத்த ஹடயோகப் பிரதீபிகை இதைத் தன் இரண்டாம் அதிகாரத்தின் தொடக்கத்திலேயே வைக்கிறது. சந்திரனால் இழுத்து, இயன்றவரை நிறுத்தி, சூரியனால் விட வேண்டும். பின் சூரியனால் இழுத்துச் சந்திரனால் விட வேண்டும். காலை, நண்பகல், மாலை, நள்ளிரவு என நாளுக்கு நான்கு வேளை, மெல்ல மெல்ல எண்பது வரை கூட்ட வேண்டும். மூன்று மாதத்தில் நாடிகள் தூய்மையாகும். தொடக்கத்தில் பாலும் நெய்யும் கலந்த உணவு, வயிற்றில் கால் பகுதி வெறுமை, கொழுப்பும் கபமும் மிகுந்தவருக்கு முதலில் உடலைக் கழுவும் ஆறு கிரியைகள் என்று பத்தியமும் விரிவாக உண்டு.

அந்நூலில் மிகவும் கவனிக்கத்தக்கவை எச்சரிக்கைகள். சிங்கம், யானை, புலி ஆகியவற்றைப் படிப்படியாகப் பழக்குவது போல மூச்சையும் படிப்படியாகவே பழக்க வேண்டும். அவசரப்பட்டால் அது பழக்குபவனையே கொன்றுவிடும் என்கிறார் சுவாத்மாராமர். முறையான பிராணாயாமம் எல்லா நோயையும் போக்கும் என்று சொன்ன அதே மூச்சில், முறைகேடான பிராணாயாமம் எல்லா நோயையும் உண்டாக்கும் என்றும் சொல்கிறார். விக்கல், இளைப்பு, இருமல், தலைவலி, காதுவலி, கண்வலி என்று பட்டியலே தருகிறார். முதல் பாதி இன்று எங்கும் மேற்கோளாகச் சுழல்கிறது. இரண்டாம் பாதியைச் சொல்பவர்கள் குறைவு. இரண்டும் அடுத்தடுத்து எழுதப்பட்டவை என்பதை மறந்தால் நூலின் பொருளே மாறிவிடும்.

அதேசமயம் பழைய நூல் சொன்னது என்பதற்காக எல்லாவற்றையும் அப்படியே ஏற்கவும் முடியாது. பயிற்சியின்போது வியர்ப்பது முதல்நிலை, உடல் நடுங்குவது இடைநிலை என்று பிரதீபிகை அவற்றை முன்னேற்றத்தின் அடையாளங்களாக வரிசைப்படுத்துகிறது. மூச்சை அளவுமீறி அடக்கும் ஒருவருக்கு இரத்தத்தில் கரியமில வாயு ஏறும்போது வியர்வையும் நடுக்கமும் வரக்கூடும் என்பது இன்று தெரிந்த செய்தி. வீட்டைத் துறந்து, ஆசானின் அருகில், உணவும் உறக்கமும் வரையறுக்கப்பட்டு வாழ்ந்த துறவிக்காக எழுதப்பட்ட அளவுகள் அவை. அலுவலகம் செல்லும் ஒருவருக்கு வியர்வையும் நடுக்கமும் ஏற்றம் அல்ல, நிறுத்தச் சொல்லும் அறிகுறிகள்.

1700ஆம் ஆண்டையொட்டி எழுதப்பட்டதாகக் கருதப்படும் கேரண்ட சங்கிதை, நாடிசுத்தியைப் பிராணாயாமத்துக்கு முந்தைய தனிப்படியாகவே பிரித்துவிடுகிறது. பீஜ மந்திரத்தை எண்ணிச் செய்வது ஒன்று, உடலைக் கழுவும் கிரியைகளால் செய்வது மற்றொன்று. மந்திர வகையில் அதே பதினாறு, அறுபத்து நான்கு, முப்பத்திரண்டு. தொலைதூர நாட்டிலும் காட்டிலும் தலைநகரிலும் மக்கள் கூட்டத்திலும் தொடங்கக் கூடாது. வசந்தத்திலும் சரத்காலத்திலும் தொடங்குவதே நல்லது என்று இடத்தையும் பருவத்தையும் அது வரையறுக்கிறது. இந்தக் கலை அதற்குள் மதங்களின் எல்லையையும் தாண்டியிருந்தது. அமிர்தகுண்டம் என்ற மறைந்துபோன நூலின் வழிவந்த செய்திகளைக் குவாலியரின் சூஃபி ஞானி முகம்மது கௌஸ் 16ஆம் நூற்றாண்டின் நடுவில் பாரசீகத்தில் 'பஹ்ர் அல் ஹயாத்' என்ற பெயரில் எழுதினார். இளவரசர் சலீமுக்காக, அதாவது பின்னாளைய ஜஹாங்கீருக்காக, 1600ஐ ஒட்டி அலகாபாத்தில் ஓவியங்களுடன் உருவான அதன் படி இன்று டப்ளினில் உள்ள செஸ்டர் பீட்டி நூலகத்தில் இருக்கிறது. மூச்சுப் பயிற்சியும் ஆசனமும் செய்யும் யோகிகளின் மிகப் பழைய வரிசை ஓவியங்களில் அதுவும் ஒன்று.

மூச்சடக்கத்தை மேல்நாட்டு மருத்துவக் கண்ணால் பார்க்கும் முயற்சி 1850களின் தொடக்கத்தில், காசியில் அச்சான நவீன சந்திர பாலின் சிறு நூலோடு தொடங்குகிறது. மருத்துவரான அவர், யோகிகளின் நீண்ட கும்பகத்தைக் குளிர்கால உறக்கத்தில் ஆழும் விலங்குகளின் நிலையோடு ஒப்பிட்டு, வெளிவிடும் கரியமில வாயுவின் அளவைக் கொண்டு விளக்கப் பார்த்தார். அவருடைய விடைகள் நிற்கவில்லை. ஆனால் எதை அளக்க வேண்டும் என்று அவர் சரியாகவே கேட்டார்.

துறவியிடமிருந்து இல்லறத்தாரிடம் இந்தப் பயிற்சி வந்து சேர்ந்ததில் விவேகானந்தரின் ராஜயோகம் ஒரு திருப்பம். நியூயார்க்கில் ஆற்றிய உரைகளிலிருந்து உருவாகி 1896இல் வெளிவந்த அந்நூலில், முதலில் மூச்சை நிறுத்தாமல் இடம் வலம் மாற்றிச் செய்யும் நாடிசுத்தியே வருகிறது. சுவேதாசுவதர உபநிடதத்துக்குச் சங்கரர் பெயரில் உள்ள உரையிலிருந்து அதை அவர் எடுத்துக்கொண்டார். அதன்பிறகுதான் நான்கு வினாடி இழுத்து, பதினாறு வினாடி நிறுத்தி, எட்டு வினாடி விடும் பயிற்சி. விகிதம் திருமூலருடையதே; அளவு சரியாக நான்கில் ஒன்று. அறுபத்து நான்கு பதினாறாகக் குறைந்தபோது, காட்டுக்குப் போகாமலேயே செய்யக்கூடிய ஒன்றாக நாடிசுத்தி மாறியது.

பத்தமடையில் 1887இல் பிறந்து, மலேயாவில் மருத்துவராகப் பணிபுரிந்து, பிறகு ரிஷிகேசத்தில் துறவியான சுவாமி சிவானந்தர் 1935இல் பிராணாயாம சாத்திரத்தை எளிய ஆங்கிலத்தில் நூலாக்கினார். சுகபூர்வகம், அதாவது சுகமாகச் செய்யக்கூடியது என்ற பெயரை நாடிசுத்திக்குப் பரவலாக்கியது அவருடைய மரபு. கும்பகமில்லாத பயிற்சிகளை முன்னால் வைத்து, நிறுத்தும் பயிற்சியைப் படிப்படியாகப் பின்னால் அமைத்தார். நோயாளிகளைப் பார்த்துப் பழகிய ஒருவரின் கை அந்த வரிசையில் தெரிகிறது.

இதே காலத்தில் புனே அருகே லோனாவாலாவில் மற்றொரு வேலை நடந்துகொண்டிருந்தது. சுவாமி குவலயானந்தர் 1924இல் நிறுவிய கைவல்யதாமம் யோகத்தை ஆய்வகத்துக்குள் கொண்டுவந்தது. அதே ஆண்டு தொடங்கிய 'யோக மீமாம்சா' இதழில் எக்ஸ்ரே படங்களோடும் அழுத்த அளவீடுகளோடும் கட்டுரைகள் வந்தன. பிராணாயாமம் உடலுக்கு அதிக ஆக்சிஜனைத் தருகிறது என்பது அன்றும் பரவலான நம்பிக்கை. குவலயானந்தர் அளந்து பார்த்து, அப்படி இல்லை என்று எழுதினார். நலமுள்ள ஒருவரின் இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் சாதாரண மூச்சிலேயே 95 விழுக்காட்டுக்கு மேல் ஆக்சிஜனால் நிறைந்திருக்கிறது. மேலும் நிரப்ப அதிக இடமில்லை. பயிற்சியின் பலன் நரம்பு மண்டலத்தில்தான் தேடப்பட வேண்டும் என்பது அவர் முடிவு. தாம் நேசித்த கலையைப் பற்றிய ஒரு பொய்ப் பெருமையை அக்கலையின் உள்ளிருந்தே ஒருவர் அளந்து நீக்கினார் என்பது நவீன யோகத்தின் மதிக்கத்தக்க தருணங்களில் ஒன்று. இத்தனை ஆண்டுகள் கழிந்தும் அந்தப் பொய்ப் பெருமை இன்னும் மேடைகளில் சொல்லப்படுகிறது.

இதயத்தை நிறுத்தும் யோகிகள் என்ற கதையும் இப்படியே சோதிக்கப்பட்டது. 1935இல் பிரெஞ்சு இதய மருத்துவர் தெரெஸ் ப்ரோஸ் கருவிகளுடன் இந்தியா வந்து, மைசூரில் திருமலை கிருஷ்ணமாச்சாரியார் உள்ளிட்டோரிடம் பதிவுகள் எடுத்தார். இதயத்துடிப்பு ஏறக்குறைய மறைந்ததாக அவருடைய பதிவுகள் காட்டின. 1957இல் வெங்கர், பாக்சி என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் தில்லி அகில இந்திய மருத்துவ நிறுவனத்தின் பி.கே. ஆனந்துடன் சேர்ந்து மீண்டும் அளந்தார்கள். முடிவுகள் 1961இல் வெளிவந்தன. நாடித்துடிப்பு கைக்கு அகப்படவில்லை, இதய ஒலி கேட்கவில்லை. ஆனால் இதயத்தின் மின்வரைபடம் ஓடிக்கொண்டே இருந்தது. மூச்சை இழுத்து நிறுத்தி மார்புத் தசைகளை இறுக்கியதால், இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் வெகுவாகக் குறைந்திருந்தது. கும்பகம் இரத்த ஓட்டத்தை எவ்வளவு மாற்ற வல்லது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. இதய நோயாளி மூச்சை அடக்கக் கூடாது என்று இன்று ஆசிரியர்கள் சொல்வதன் காரணமும் இதுவே.

1980களிலிருந்து ஆய்வுகள் நோயாளிகளின் பக்கம் திரும்பின. பெங்களூரின் நாகரத்னா, நாகேந்திரா இருவரும் ஆஸ்துமா நோயாளிகள் 53 பேருக்கு மூச்சுப் பயிற்சி, ஆசனம், தியானம் சேர்ந்த யோகத்தைக் கற்பித்து, அதே எண்ணிக்கையிலான வேறு நோயாளிகளோடு ஒப்பிட்டு 1985இல் முடிவை வெளியிட்டார்கள். பயிற்சி செய்தவர்களுக்கு இளைப்பு வருவதும் மருந்துத் தேவையும் குறைந்தன. 1990இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில், இழுப்பதைவிட விடுவதை இரு மடங்காக்கும் ஒரு கருவியின் மூலம் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சு விடவைத்துப் பார்த்தபோது, மூச்சுக்குழாய் சுருங்கும் போக்கு ஓரளவு தணிந்தது. 2001இல் இத்தாலியின் பெர்னார்டியும் தோழர்களும் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவையானது. 23 பேர் ஒருபக்கம் கத்தோலிக்க ஜெபமாலையையும் மறுபக்கம் 'ஓம் மணி பத்மே' எனத் தொடங்கும் மந்திரத்தையும் ஓதினார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்குத் தானாகவே இறங்கியது. இரத்த அழுத்தத்தைச் சீர்செய்யும் அனிச்சைச் செயலும் கூர்மையானது. தரும சாத்திரக்காரர்கள் மந்திரத்தால் மூச்சை அளந்ததன் உடலியல் பக்கம் இங்கே வெளிப்பட்டது.

நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்பது நாடிசுத்தி எவ்வாறு வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள உதவும் அளவு. சாதாரணமாக நாம் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை, ஒவ்வொரு முறையும் சுமார் 500 மில்லிலிட்டர் இழுக்கிறோம். அதில் 150 மில்லிலிட்டர் வரை நுரையீரலின் நுண்ணறைகளை எட்டாமல் குழாய்களிலேயே நின்றுவிடுகிறது. மெதுவாகவும் ஆழமாகவும் இழுத்தால் இந்த வீணாகும் பங்கு குறையும். மூச்சை இழுக்கும்போது இதயம் சற்று விரைவதும் விடும்போது தணிவதும் இயல்பு; நிமிடத்துக்கு ஆறு என்ற வேகத்தில் இந்த ஏற்ற இறக்கம், கழுத்துத் தமனியில் உள்ள அழுத்த உணரிகளின் தாளத்தோடு ஒத்துப்போகிறது. மூச்சை நீட்டி விடும்போது வேகஸ் நரம்பின் பிடி கூடி, பரிவு நரம்புகளின் பரபரப்பு அடங்குகிறது. ஒரு மூக்கை அடைத்துக்கொள்வதால் காற்றின் வழி குறுகி, மூச்சு தானாகவே மெதுவாகிறது. நாடிசுத்தியின் பலனில் கணிசமான பங்கு இந்த மெதுவிலிருந்து வருகிறது என்று சொல்ல இடமுண்டு.

புதுச்சேரி ஜிப்மரில் இளம் மாணவர்களிடம் 12 வாரம் நடந்த ஆய்வும் இதை ஒட்டியது. மெதுவான பிராணாயாமம் செய்தவர்களுக்கு இதயத்துடிப்பும் இரத்த அழுத்தமும் குறைந்தன. வேகமான பிராணாயாமம் செய்தவர்களுக்கு அவை குறையவில்லை. மன இறுக்கம் இரு சாராருக்கும் குறைந்தது. மாறாக, இடமூக்கு குளிர்ச்சி, வலமூக்கு சூடு என்ற பழைய பகுப்புக்கு ஆய்வுகளின் ஆதரவு அரைகுறையானது. 1994இல் ஷர்லி டெல்லஸும் தோழர்களும் வெளியிட்ட பெங்களூரு ஆய்வில் வலமூக்குப் பயிற்சி உடலின் ஆக்சிஜன் நுகர்வைக் கூட்டியது உண்மை. இடமூக்குப் பயிற்சியும் கூட்டத்தான் செய்தது, அளவுதான் குறைவு. இரத்த அழுத்தம் குறைவது பற்றிய முடிவுகள் நம்பத்தக்கவை, ஆனால் மிதமானவை. மருந்தை நிறுத்திவிடலாம் என்று சொல்லுமளவுக்கு எந்த ஆய்வும் போகவில்லை.

ஐ.நா. அறிவித்த யோக நாள் 2015 ஜூன் 21இல் முதன்முறை கொண்டாடப்பட்டபோது, ஆயுஷ் அமைச்சகம் பொது யோகப் பயிற்சி நெறிமுறை ஒன்றை வெளியிட்டது. அதில் நாடிசுத்தி ஐந்து சுற்று. தொடக்கக்காரர் இழுக்கும் நேரமும் விடும் நேரமும் சமமாக வைக்க வேண்டும். பழகியபின் விடுவதை இரு மடங்காக்கலாம். கும்பகம் இல்லை. திருமூலரின் அறுபத்து நான்கு, விவேகானந்தரின் பதினாறு, இப்போது சுழியம். மரபின் உயிரையே பிடுங்கிவிட்டதாக இதற்குக் குறை சொல்பவர்கள் உண்டு. ஆசான் அருகில் இல்லாமல் லட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் செய்யும் பயிற்சிக்கு இதுவே பொருத்தமான வடிவம். சுவாத்மாராமரின் எச்சரிக்கையை மதிப்பதும் இப்படித்தான்.

ஆபத்து இப்போது வேறு பக்கத்தில் இருக்கிறது. தொலைக்காட்சி வழியே பெரிதும் பரவிய கபாலபாதியில் வயிற்றை உதறி உதறி மூச்சை வேகமாக வெளித்தள்ளுவார்கள். பிரதீபிகை அதைப் பிராணாயாமமாகவே கொள்ளவில்லை. உடலைக் கழுவும் ஆறு கிரியைகளில் ஒன்றாகத்தான் வைத்தது. அளவுமீறிச் செய்தால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, மூளையின் இரத்தக் குழாய்கள் சுருங்கி, தலைசுற்றலும் விரல் மரப்பும் வரும். அதைச் சக்தி ஏறுவதாக எண்ணித் தொடர்பவர்கள் உண்டு. கபாலபாதியை அளவுமீறிச் செய்த ஓர் இளம்பெண்ணுக்கு நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்து நுரையீரல் சுருங்கிய நிகழ்வு 2004இல் மருத்துவ இதழில் பதிவானது. இது அரிது. ஆயினும் குடலிறக்கம், வலிப்பு, கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம், கண்நீர் அழுத்த நோய் ஆகியவை உள்ளவர்களும் அண்மையில் வயிற்று அறுவை செய்துகொண்டவர்களும் கர்ப்பிணிகளும் கபாலபாதி, பஸ்திரிகை போன்ற வேகப் பயிற்சிகளையும் மூச்சடக்குவதையும் தவிர்க்க வேண்டும் என்பதில் ஆசிரியர்களும் மருத்துவர்களும் ஒத்த கருத்துடையவர்கள்.

கும்பகமில்லாத நாடிசுத்திக்கு இத்தகைய தடைகள் குறைவு. உண்டபின் மூன்று மணி நேரமாவது கழிந்திருக்க வேண்டும். அதனால்தான் விடிகாலை வசதி. தரையில் சம்மணமிட முடியாதவர் நாற்காலியில் முதுகை நிமிர்த்தி உட்காரலாம். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் உள்ளங்கையை நோக்கி மடக்கிக்கொண்டு, மூக்கின் எலும்பு முடியும் இடத்துக்குச் சற்றுக் கீழே விரலை மெல்ல ஒட்ட வைத்தால் போதும், அழுத்தக் கூடாது. கை வலித்தால் மற்ற கையால் முழங்கையைத் தாங்கிக்கொள்ளலாம். நான்கு எண்ணி இழுத்து நான்கு எண்ணி விடுவது தொடக்கம். சில வாரங்களில் விடுவதை ஆறு, எட்டு என்று நீட்டலாம். மூச்சு ஒலிக்கக் கூடாது. அடுத்த மூச்சை அவசரமாக வாங்க வேண்டியிருந்தால் எண்ணிக்கை உடலுக்கு மீறிப் போயிருக்கிறது என்று பொருள். உடனே குறைக்க வேண்டும். சளி பிடித்து ஒரு பக்கம் அடைத்திருக்கும் நாளில் வலிந்து இழுக்காமல், இரு மூக்காலும் மெதுவாக மூச்சு விட்டாலே பெரும்பகுதிப் பலன் கிடைத்துவிடும். ஊதுபத்தியும் சாம்பிராணியும் புகையும் மூடிய அறை இதற்கு ஏற்ற இடமன்று. நீச்சல் குளத்திலும் கிணற்றிலும் மூச்சுப் பயிற்சி செய்துவிட்டு மூழ்குவது உயிருக்கே ஆபத்து. நினைவு தப்புவது முன்னறிவிப்பின்றி நேரும்.

ஆஸ்துமா உள்ளவர்கள் இளைப்பு வந்திருக்கும் நேரத்தில் இதைச் செய்யாமல் இன்ஹேலரைப் பயன்படுத்த வேண்டும். தீவிரப் பதற்ற நோய் உள்ளவர்களில் சிலருக்கு மூச்சை எண்ணுவதே பதற்றத்தைக் கூட்டும். அவர்களுக்கு எண்ணிக்கையில்லாமல் வெறுமனே மூச்சைக் கவனிப்பது, ஆனாபானசதியின் வழி, பொருந்தக்கூடும். நெஞ்சு வலி, கண் இருட்டல், தலைசுற்றல், காதில் இரைச்சல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் பயிற்சியை விட்டு இயல்பான மூச்சுக்குத் திரும்ப வேண்டும். மீண்டும் வந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இரத்த அழுத்தத்துக்கு மருந்து உட்கொள்பவர்கள் தொடர்ந்து பயிற்சி செய்யும்போது அழுத்தத்தை அவ்வப்போது அளந்து குறித்து வைத்துக்கொள்வது நல்லது. மருந்தின் அளவை மாற்றுவதை மருத்துவரிடம் விட்டுவிட வேண்டும்.